நாலாவது முனை

திங்கள்

காலையில் தூறல். பட்டாபிராமில் ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை. முத்தாபுதுப்பேட்டைப் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் புடவைக் கரையெல்லாம் சேறு. வாங்க வேண்டியவை: ரப்பர் பந்து, பசை, தொண்டைக்கு மிட்டாய்.

என் ஐந்தாம் வகுப்பு இன்னும் இரண்டு கூட்டம்தான். ஜன்னல் பக்கம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், கதவுப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள். ‘ஒற்றுமை’ பாடம் முடித்தாயிற்று. கேள்வி பதில் எல்லோருக்கும் மனப்பாடம். டிபன் பாக்ஸை மட்டும் யாரும் யாரிடமும் நீட்டுவதில்லை. நாளை வேறு மாதிரி.

செவ்வாய்

நல்ல வெயில். வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து எடுத்துப் போனேன். (அவர் தேடுவார். இன்னும் சொல்லவில்லை.)

குழுவுக்கு நாலு பேர். துணியின் முனைக்கு ஒருவர், நடுவில் பந்து. வகுப்பு வாசலிலிருந்து குழாயடி போய்த் திரும்ப வேண்டும். பந்தைத் தொடக் கூடாது. ஒருத்தர் இழுத்தாலும் போச்சு.

நானே கலந்து பிரித்தேன். மோனிஷாவுடன் இசக்கி. மோனிஷா ஊர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், வகுப்பே அவள் சொன்னபடிதான். இசக்கி புதிது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, போன மாதம்தான் திருநெல்வேலியிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள்.

பாதி வழியில், “மெல்லப் போங்கட்டி, அங்கன சாயுது” என்றாள் இசக்கி. பந்து விழுந்தது. மோனிஷா அதை அப்படியே பழித்துக் காட்ட, எல்லோரும் சிரிப்பு.

“இவ பேசறதே பிரியல மிஸ். இவளோட எப்டி போறது?”

இசக்கி முனையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மதியம் சாப்பிடவில்லை.

புதன்

இசக்கி வரவில்லை. அவள் அம்மாவுக்குப் போன். முதலில் காய்ச்சல் என்றார். அப்புறம் குரல் இறங்கியது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மாட்டேன் என்கிறாளாம். ஊரில் அத்தை வீட்டிலேயே விட்டுப் படிக்க வைக்கலாமா என்று அவள் அப்பா யோசிக்கிறாராம். இரண்டு நாள் பொறுங்கள் என்றேன்.

மோனிஷா வேறு ஆள் கேட்டாள். அந்த முனை இசக்கியுடையது, யாருக்கும் தர மாட்டேன் என்றுவிட்டேன். மூன்று பேரும் கூடிப் பேசி, நாலாவது முனையை ஒரு நாற்காலியில் கட்டினார்கள். அதைக் காலால் தள்ளிக்கொண்டே ஊர்வலம். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். மோனிஷா சிரிக்கவில்லை.

வியாழன்

தொண்டை பரவாயில்லை. மணி அடித்தும் மோனிஷாவைக் காணோம். இவளுமா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். பிறகு வாசலில் அவள் அப்பாவின் ஆட்டோ. முதலில் மோனிஷா இறங்கினாள், பின்னாலேயே எண்ணெய் வழியும் தலையோடு இசக்கி.

மோனிஷாவின் அப்பா சொன்னார்: “காலீலர்ந்து ஒரே நச்சு மிஸ். குவாட்டர்ஸாண்ட இட்டுகினு போ நைனான்றா. அந்தப் பொண்ணோட அம்மாவாண்ட, நாந்தான் கிண்டல் பண்ணேன்னு அவளே சொல்லிட்டா.”

மோனிஷாவின் கன்னத்தைத் தட்டினேன்.

மதியம் குழாயடியில் காதில் விழுந்தது:

“அங்கனன்னா இன்னா?”

“அங்கனன்னா அங்கனதான்.”

வெள்ளி

மேகமூட்டம். நேற்று ராத்திரி மழை, மைதானம் சேறு. விளையாட்டு என்று கேள்விப்பட்டுத் தலைமை ஆசிரியை நேரில் வந்து நின்றார். இதெல்லாம் பாடத்தில் சேர்த்தியா என்ற முகம்.

மோனிஷா குழு கடைசியாக. குழாயடி வரை ஒழுங்காகப் போனார்கள். திரும்பும்போது இசக்கிக்குக் கால் வழுக்கி, பந்து உருண்டு சாக்கடையில். வழுக்கியதை எல்லோருமே பார்த்தோம்.

யார் விட்டது என்று கேட்டார் தலைமை ஆசிரியை. இசக்கி வாயைத் திறப்பதற்குள் மோனிஷா சொன்னாள்:

“நாங்க வுட்டுட்டோம் மிஸ்.”

அவர் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். நாலு பேரும் சாக்கடையோரம் குந்திக்கொண்டு குச்சியால் பந்தை நெம்பினார்கள். போதும், வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஒருத்திக்கும் காது கேட்கவில்லை.