ஒஸ்ரினின் அடிக்கறள்

1985 மார்ச் 3, ஞாயிறு

பெற்றோலுக்கு வழியில்லாமல் நான் சாரதி சந்தியோகுவை நிறுத்திவிட்டதாகக் கோயில் வாசலில் கதை. பொய். காலஞ்சென்ற என் கணவரின் ஐம்பத்தோராம் ஆண்டு ஒஸ்ரின் காரைக் கடல் தண்ணீருக்குள் இறக்கி, அவன் தன் தம்பியின் மீனை ஏற்றியதற்காகவே நிறுத்தினேன். வேறெப்படி அடித்தகடு துருவேறிக் கறள் பிடிக்கும்? குருநகரில் இனி ஒருவரும் அவனிடம் கார்ச் சாவி கொடுக்காதபடி, பூசை முடிந்ததும் எல்லோருக்கும் நானே சொன்னேன். பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவுக்கு இரண்டு முறை. அவள் இருக்கும்வரை தந்திக் கந்தோர் வீண்.

"நீங்கள் கண்டனியளோ அக்கா?" என்றாள்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். எனக்கு ஊகிக்கத் தெரியும்.

மார்ச் 6, புதன்

இன்று நானே இறப்பர் குழாய் பிடித்துக் காரின் அடியைக் கழுவினேன். சனிக்கிழமைகளில் மட்டும் கழுவினால் போதாது. கடல் உப்பு இலேசில் போகாது.

மார்ச் 9, சனி

இணுவிலிலிருந்து மெக்கானிக் கந்தப்பு வந்தார். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தார். மேற்பார்வை செய்ய நான் பின் ஆசனத்தில், என் வழக்கமான இடத்தில். கீழே திருப்புளியால் மெல்லத் தட்டினார் – அது தகட்டைத் துளைத்துக்கொண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு இருந்தேன். கௌரவமான காட்சி அல்ல.

"அம்மா, எந்தத் தண்ணியாலை கழுவுறியள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி. பதினைஞ்சு வருசமாய் ஒரு சனியும் தவறினதில்லை. அடியும் சேர்த்து."

"உந்தத் தண்ணியிலை தேத்தண்ணி போடுவியளோ?"

"சீ! உப்பு. வாயிலை வைக்கேலாது. குடிக்கிறதுக்குக் கோப்பாயிலையிருந்து..."

கிணற்றடியில் கிடந்த இறப்பர் குழாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப, அவன் கடலுக்கை விட்டது?"

"ஒருக்கால் விட்டதாலை உப்பிடி வராது, அம்மா. உது வருசக்கணக்காய்த் திண்ட கறள்."

வெற்றிலை துப்ப வேலியோரம் போனார். அவருடைய தோள் குலுங்கியது. இருமல் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. தலைவலி இல்லை.

மார்ச் 13, புதன்

"அம்மா, அடிக்கு உந்தத் தண்ணி விடாதேங்கோ, நான் நல்ல தண்ணி கொண்டுவாறன்" என்று சந்தியோகு முன்பு ஒருமுறை சொன்னான். வேலைக் கள்ளம் என்று கத்தினேன். படிச்ச மண்டையாம், என்ரை மண்டை! இப்போது வல்வெட்டித்துறையில் யாருடைய வலையையோ பொத்துகிறானாம். இருபது வருடம் ஸ்ரியறிங் பிடித்தவன்.

மார்ச் 17, ஞாயிறு

பூசை முடிந்து அதே வாசலில், அதே குரலில் சொன்னேன்: கறள் என் கிணற்றால் வந்தது, சந்தியோகுவால் அல்ல.

"உதைப்போய் ஏன் அக்கா ஊருக்குச் சொல்லுறியள்?" என்று லூர்த்தம்மா கையைப் பிடித்து இழுத்தாள். ஒருவனுடைய நல்ல பெயரைப் பரப்பச் சொன்னால் இவளுக்கு வாய் அடைத்துவிடும்.

மார்ச் 18, திங்கள்

இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் பிரதி:

சந்தியோகு,

நீர் காரைக் கடலில் இறக்கவில்லை. நான் சொன்னது பிழை; ஊருக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். கந்தப்பு அடிக்குப் புதுத் தகடு வைக்கிறார். மறுபடி வந்து காரை ஓட்டுவீரோ? மனமில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். வேறிடத்தில் வேலை கேட்க நற்சான்றிதழ் எழுதித் தருவேன். ஆள்மூலம் சொல்லியனுப்ப வேண்டாம்; இனி நான் எதையும் ஊகிக்க மாட்டேன். ஓமோ இல்லையோ, உம்முடைய கையால் எழுதிப் பதில் அனுப்பவும்.