ஒரே அலசலில் வெளுத்த சட்டை

காஜா பெராங், செவ்வாய் காலை

கோகிலா அப்பாவுக்கு,

மரவள்ளிக்கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டு ஆயிஷாவிடம்.

ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போகுமுன் என் தம்பி மருதமுத்துவைக் கூட்டிவரத்தான் தெலுக் ஆன்சனுக்கு மோட்டார் சைக்கிளில் போனீர்கள். மூன்றாம் நாள் தனியாக வந்து, "நான் போறதுக்குள்ள புடிச்சிட்டுப் போயிட்டானுங்க" என்று அழுதீர்கள். நானும் சேர்ந்து அழுதேன்.

நேற்று அவன் பெண்டாட்டி கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நீங்கள் திரும்பி நான்கு நாள் கழித்துத்தான் அவனைப் பிடித்தார்களாம். அதுவரை துணிமூட்டையோடு ரோட்டோரம் உட்கார்ந்து, மோட்டார் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தானாம்.

பெட்ரோலுக்குப் பதில் ரப்பர் எண்ணெய் ஊற்றி, கிட்டத்தில் இருக்கும் சிரம்பான் போய் வந்தாலே புகை படிந்து சட்டை கரியாகிவிடும், நாலு தண்ணீர் அலச வேண்டும். அவ்வளவு தூரம் தெலுக் ஆன்சன் போய் வந்த அன்றைக்கு உங்கள் சட்டை ஒரே அலசலில் வெளுத்தது. சவர்க்காரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி.

எங்கே பயந்து திரும்பினீர்களோ, தெரியாது. "பயமா இருந்துச்சு" என்று சொல்லியிருந்தால் நானே போயிருப்பேன். நான்கு நாள் இருந்தது.

கோகிலாவோடு தம்பி வீட்டுக்குப் போகிறேன்.

அஞ்சலை

கிழங்கை இன்றே சாப்பிட்டுவிடுங்கள், புளித்துவிடும்.

பின்னால் வராதீர்கள். வந்தாலும், மோட்டார் சத்தத்துக்கு நான் எழுந்து பார்க்க மாட்டேன்.