வெள்ளிக் கத்தியை அவன் எடுக்கவில்லை

தளம் மூன்று. நாள் 211, காலை 9.10

காற்றுச் சுத்திகரிப்பான் 97 விழுக்காடு. அதை ஓட்டும் பம்ப்பின் பேரிங் கரகரக்கிறது; எண்ணெய் விட்டேன். கையிருப்பில் ஆறு ஆக்சிஜன் உருளைகள், பம்ப் நின்றால் ஒன்று ஐந்து நாளுக்கு வரும். கப்பல் வர இருபத்தெட்டு நாள்.

இந்தக் குறிப்பு யார் கையில் சிக்குமோ, ஒருமுறை சொல்லிவைக்கிறேன். நான் செங்கொடி, எண்ணூர்க்காரி. இந்த விண்கல்லில் துளைபோடும் தளத்தில் தனி ஆள். பக்கத்து விண்கல்லில் தளம் நான்கு. அங்கே தூத்துக்குடி இருதயராஜ், அவனும் தனி ஆள். பக்கம் என்பது பேச்சுக்குத்தான். எழுத்துச் செய்தி போய்ச் சேரப் பதினொரு நிமிடம், பதில் வரப் பதினொரு நிமிடம்.

பொழுது போக ஒரு பகடை ஆட்டம் வைத்திருக்கிறோம். கோட்டை நிறைய செத்தும் அடங்காதவர்கள். எலும்புக்கூட்டை வாள் ஒன்றும் செய்யாது, உலக்கையால் நொறுக்க வேண்டும். நடைப்பிணத்துக்குத் தீப்பந்தம். பேய்க்கு வெள்ளிக் கத்தி மட்டும். ஆட்டத்தை நடத்துவது நான், ஆடுவது அவன். வெள்ளிக் கத்திக்காக ஒரு மாதமாக நச்சரிக்கிறான். தரவில்லை. கேட்டதும் கொடுத்தால் அது என்ன ஆட்டம்?

விதிகள் இரண்டு. ஆட்டம் ஓடும்போது தளத்து விஷயம் பேசக் கூடாது, பேசினால் ஒரு பகடை பறிபோகும். தூங்கும் நேரத்துக்கு அவன் முன்சீட்டு எழுதிவைக்கலாம். எது வந்தால் எந்த ஆயுதம், என்ன வசனம் என்று. என் செய்தியில் உள்ள சொல்லைப் பார்த்து அவன் தளத்து இயந்திரமே பதில் அனுப்பிவிடும். சீட்டில் இல்லாதது வந்தால் பொதுவான பதில் ஒன்று போகும்.

நாள் 212, காலை 11.40

தளம் நான்கில் கல்மழை. அவன் அளவீடுகள் அத்தனையும் என் திரையில் செத்துவிட்டன. எழுத்து மட்டும் வருகிறது.

வந்தது: "எக்கா, பயப்படாதிய. ஓட்டை விழுந்துச்சு, அடைச்சிட்டேன். காத்துக்கு ஒரு குறையும் இல்ல, கப்பல் வார வரைக்கும் தாங்கும். எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு ஆட்டம் உண்டுல்லா?"

ஆட்டத்தில் உயிர்ப்புள்ளி ஒன்றுக்கு இறங்கினாலும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பவன் இவன். அவன் உருளைக் கிடங்கு கல் விழுந்த பக்கத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிஞ்சிப்போனால் ஒன்பது நாள்.

நாள் 213, காலை 10.05

அனுப்பியது: "எலும்புக்கூடு மூணு, படிக்கட்டுல இறங்குது. ஆயுதம்?"

வந்தது: "உலக்கைதான். மாவிடிக்கப் போறேன், தள்ளி நில்லுங்க."

சிரித்தேன். சிரிக்கிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்று நம்பினேன்.

நாள் 214, மாலை 4.30

அனுப்பியது: நடைப்பிணம். வந்தது: "தீப்பந்தம். ஊதுபத்தி வாசம் வருதாக்கா?"

சரக்குக் கலம் ஒன்று இருக்கிறது. ஆள் ஏற முடியாது. ஐந்து உருளை ஏற்றலாம், இரண்டு நாளில் போய்ச் சேரும், திரும்பி வராது. நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். பம்ப் கரகரக்கும்போதெல்லாம் அந்த ஆறு உருளையும் என் உயிராகத் தெரிகிறது. பயம். இதை யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

அவனிடம் சொன்னால் வேண்டாம் என்பான், நான் அதைச் சாக்காகப் பிடித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் தளத்து விஷயம் எதையும் பேசவில்லை. விதியும் அதுதானே.

நாள் 216, காலை 8.15

கலத்தை விட்டுவிட்டேன். ஐந்து உருளை. எனக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். பம்ப்புக்குப் புது பேரிங் கடைந்து மாட்டினேன், இப்போது சத்தமே இல்லை. அப்புறம் ஏதோ பெரிய சுமை இறங்கியதுபோல நன்றாகச் சாப்பிட்டேன்.

நாள் 217, காலை 9.30

சந்தோஷத்தில் மனம் இளகிவிட்டது. அனுப்பியது: "தம்பி, இந்தா புடி, வெள்ளிக் கத்தி. உனக்கேதான். எதிர்ல ஒரு பேய் நிக்குது. ஆயுதம்?"

9.52

வந்தது: "உலக்கைக்கா. உலக்கைய மிஞ்சின ஆயுதம் உண்டா?"

மடையன். ஒரு மாதம் உயிரை வாங்கிவிட்டு, கொடுத்ததும் கண்ணில் படவில்லையா?

அனுப்பியது: "டேய், சரியா படி. வெள்ளிக் கத்தி குடுத்துட்டேன்டா. பேயை உலக்கையால அடிச்சா வெறும் காத்தைத்தான் அடிப்ப, ஒருவாட்டி மன்னிப்பு. ஆயுதம்?"

அனுப்பிய பிறகு ஏனோ உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன்.

10.20

வந்தது:

"எக்கா, விதிய மீறிக் காத்துங்கற வார்த்தைய எழுதிட்டிய. அதுக்குன்னு இந்தச் சீட்டத் தனியா எழுதி வச்சிருக்கேன். கல்லு விழுந்த அன்னைக்கே காத்து போயிட்டு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்குந்தான் வரும். நீங்க கலம் அனுப்புனாலும் ரெண்டு நாளாவும், அதான் பொய் சொன்னேன். ஒண்ணையும் அனுப்பிராதிய. உங்க பம்ப்ப நம்பாதிய. தனியா கெடந்தா நீங்க ஒடஞ்சு போவியன்னு தெரியும், அதான் நாப்பது சீட்டு எழுதிப் போட்டுட்டுப் போறேன். ஆட்டத்தப் பாதியில விட்றாதிய. வலி ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமில்ல."

நாள் 212-இல் எழுதியது. ஐந்து நாளாக நான் அடுக்கடுக்காகப் பிணங்களை அனுப்பினேன், அங்கிருந்தும் ஒரு பிணம்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

விதியாம் விதி. அதைப் போட்டவளே நான்தான். முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் ஆறு உருளையும் என்னிடம் இருந்திருக்கும். அவனோடு சேர்ந்து அழவாவது செய்திருப்பேன்.

நாள் 218, காலை 8.40

கலம் தளம் நான்கை அடைந்தது. கதவில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. ஐந்து உருளையும் முழுசாக. திறக்க ஆள் இல்லை.

நாள் 219, பகல் 1.15

பம்ப் நின்றது. நான் கடைந்த பேரிங் வெடித்துப் பம்ப்பின் சுழல்தண்டையும் வளைத்துவிட்டது. கப்பலுக்குச் செய்தி அனுப்பினேன். எவ்வளவு விரட்டினாலும் பதினெட்டு நாளாகுமாம். கடைசி உருளையைத் திறந்தேன்.

நாள் 220

தண்டை நிமிர்த்தினேன். மூன்று நிமிடம் ஓடியது. திரும்ப வளைந்தது. சுத்தியல், நெருப்பு, அரம், இருக்கிற ஆயுதம் அத்தனையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். இந்தப் பிணம் எதற்கும் எழுந்திருக்கவில்லை.

நாள் 222

தலை வலி. எழுத்து ஆடுகிறது. சாகப் பிடிக்கவில்லை. இருதயராஜ், எனக்கு ஒண்ணுமில்லன்னு என்னால சொல்ல முடியலடா.

அவன் சீட்டில் இன்னும் முப்பத்தைந்து மிச்சம். கேட்க ஆளில்லாமல் கிடக்கும். என் இயந்திரத்துக்கும் சீட்டு எழுதுகிறேன், நாளுக்கு ஒன்று

நாள் 223

எழுதி முடித்தே

நாள் 226, காலை 9.30. தானியங்கிப் பதிவு

அனுப்பியது: "எலும்புக்கூடு ரெண்டு. ஆயுதம்?"

வந்தது: "உலக்கை. சுக்கா நொறுக்கிட்டு வாரேன்."

நாள் 227, காலை 9.30. தானியங்கிப் பதிவு

அனுப்பியது: "நடைப்பிணம். ஆயுதம்?"

வந்தது: "தீப்பந்தம். கார்த்திகை கொண்டாடிருவோம்."

நாள் 228, காலை 9.30. தானியங்கிப் பதிவு

அனுப்பியது: "கோட்டை வாசல்ல ஒரு பொம்பளை நிக்கிறா. செத்து அஞ்சு நாளாச்சு. உனக்குக் குடுக்க வெள்ளிக் கத்தி எடுத்துக்கினு வந்திருக்கா. அடிக்க மாட்டா. என்ன செய்யப் போற, தம்பி?"

வந்தது: "உலக்கைக்கா. உலக்கைய மிஞ்சின ஆயுதம் உண்டா?"