மச்சான் கட்ட வேண்டிய கடிகாரம்

ராஜபாளையம்,
ஆடி மாதம், புதன்கிழமை

அன்பு மகன் கௌதம்ராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை யோகேஸ்வரியும் சுகம். தோஹாவில் நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், சரி, நம்பி வைக்கிறேன். போனில் நான் கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுகிறாள், அவளிடமிருந்து என் கைக்கு வந்தால் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அந்த சிக்னல் ஆள் பார்த்துத்தான் போகிறது என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். உன் கூட்டாளி பெலிக்ஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கவரின் நாலு ஓரமும் பசை தடவி மேலே டேப்பும் ஒட்டியிருக்கிறேன், யாராவது பிரித்த தடம் தெரிந்தால் எனக்குச் சொல். உள்ளே மடித்த பொட்டலம் ஒன்று இருக்கும், முழுதும் படித்த பிறகு அதைப் பிரி.

கல்யாண வேலை நடக்கிறது. முன்பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று, பெயிண்டர் ஒரு டப்பா கூடுதலாக வாங்கச் சொன்னான், எங்கே கொண்டு போகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கடைசியில் மாடிப்படிக்கு அடித்திருக்கிறான். வத்திராயிருப்பிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு மூட்டை தேங்காய் அனுப்பினார்கள், எதற்கு இப்போதே இவ்வளவு பிரியம் என்று நான் கேட்டதற்கு உன் அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவளுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, தைலம் அனுப்பாதே, அங்கிருந்து வந்தது நான்கு பாட்டில் கிடக்கிறது. மாப்பிள்ளை முத்துக்குமரன் தினமும் போன் பேசுகிறான், நல்ல பையன் மாதிரித்தான் தெரிகிறது. எல்லாம் நடக்கிறது, ஆவணி முகூர்த்தத்துக்கு நீ வருகிறாயா இல்லையா என்ற ஒன்றுதான் தெரியவில்லை. அதைக் கேட்டால் லீவு போட வேண்டும், மேனேஜரைப் பார்க்க வேண்டும், விசா, டிக்கெட் என்று அரை மணி நேரம் சொல்கிறாய். நான் மில்லில் டைம் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன். லீவு வேண்டியவன் தங்கச்சி கல்யாணம் சார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான், வேண்டாதவன்தான் வளர்த்துவான்.

இப்போது கடிகார விஷயத்துக்கு வருகிறேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை பெலிக்ஸ் வந்து, மாப்பிள்ளைக்கு அண்ணன் வாங்கியது என்று கையிலிருந்து கழற்றிக் கொடுத்தான். பெட்டி இல்லை, பில் இல்லை. ஏலே, பெட்டி எங்கலே என்றேன். பெட்டி பெருசு மாமா, பேக்குல இடமில்ல, அண்ணன் பொறவு அனுப்புதேன்னு சொல்லிருக்கு என்றான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளா நான்? என் கையிலும் ஒமேகா, நீ அனுப்பியதும் ஒமேகா, இரண்டையும் துண்டை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கம்பெனி என்று யாராவது சொல்ல முடியுமா? என்னுடையது பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது, சட்டைக் கைக்குள் அடங்கிவிடும், கட்டியிருப்பதே தெரியாது. உன்னுடையது கைக்கு எடைக்கல் கட்டின மாதிரி கனம். என்னுடையதின் கண்ணாடி ஒரு வகை பிளாஸ்டிக், கீறல் விழுந்தால் பற்பசை தடவித் தேய்த்தால் போய்விடும். உன்னுடையதில் என் வீட்டுச் சாவியை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன், கோபப்படாதே, ஒரு கோடுகூட விழவில்லை. விழாததுதான் எனக்கு இன்னும் சந்தேகம். என்னுடையதின் முகம் வெள்ளையாக இருந்து இப்போது பாலாடை நிறத்துக்கு வந்துவிட்டது, உன்னுடையது நீலமாக அலை அலையாக மினுமினுக்கிறது. முதுகுப் பக்கம் என்னுடையது இரும்பு மூடி, உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். உன்னுடையதின் முதுகில் கண்ணாடி போட்டு உள்ளே சக்கரம் சுற்றுவதைக் காட்டுகிறார்கள். நல்ல பொருள் எதற்கு வயிற்றைத் திறந்து காட்டி நான் நல்லவன் என்று சொல்ல வேண்டும்? ஆட்டினால் உள்ளே ஏதோ கழன்ற மாதிரி கரகரவென்று ஓடுகிறது. பக்கவாட்டில் வேறு இன்னொரு திருகு. அது ஆழ்கடல்ல முங்குறவுகளுக்கு மாமா என்றான் பெலிக்ஸ். நம் மாப்பிள்ளை தென்னந்தோப்புக்காரன், அங்கே கிணற்றில் முங்குவதுகூட மோட்டார்தான்.

அதை அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் நின்று கிடக்கிறது. சாவி கொடுக்கலாம் என்று திருகைப் பிடித்துத் திருகினால் இறுகிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது. என்னுடையதற்குக் காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பேன், மில் சங்குக்கு நேரம் சரி பார்ப்பேன், முப்பது வருஷமும் அது என்னை ஏமாற்றியதில்லை. எனக்கு வந்த கோபத்தில் நேரே பெலிக்ஸ் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கொடுத்த அசலை வித்துட்டு பர்மா பஜார் சரக்க எங்கிட்டத் தள்ளுதியாலே என்று வாசலில் நின்று கத்திவிட்டேன். அவன் அம்மா ஜாஸ்மின் அடுப்படியிலிருந்து ஓடி வந்தது. பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. அதை வைத்து, இவன்தான் என்று நான் இன்னும் உறுதி செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் கடிகாரம் ஓடுகிறது. நான் போன நேரத்தில் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. நான் மேசையில் போட்டுவிட்டுப் போனதை உன் தங்கை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு மாவாட்டியிருக்கிறாள், போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறாள், கையில் ஏறியதும் ஓட ஆரம்பித்திருக்கிறது. ஏட்டி, அது நின்னு போன சாமான்லா, எப்படி ஓடுச்சு என்றால், எனக்கென்னப்பா தெரியும், கட்டுனேன், ஓடுச்சு என்கிறாள். உங்கப்பாவ ஒரு நாளைக்கி பீரோல வச்சுப் பூட்டணும், அப்பத்தான் இந்த வீடு ஓடும் என்று உன் அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன், எழுதச் சொன்னாள்.

ராஜபாளையத்தில் காட்டினால் ஊருக்குத் தெரிந்து சம்பந்தி காதுக்குப் போய்விடும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ஆடிப்பூரக் கூட்டம், பஸ்ஸில் காலை வைக்க இடமில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம், முழுக்கைச் சட்டை போட்டு இடது கையில் என்னுடையது, வலது கையில் உன்னுடையது, இரண்டு கையையும் கட்டிக்கொண்டே நின்றேன். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டச் சொன்னபோது அவனையும் ஒரு பார்வை பார்த்தேன். பஜாரில் மாரீஸ்வரன் என்று ஒருவர் கடிகாரக் கடை வைத்திருக்கிறார். அவர் டீ வாங்கித் தரேன் என்றார், டீயைக் குடிக்கிற நேரத்தில் பாகத்தை மாற்றிவிட்டால் என்ன செய்வது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் லென்ஸை வைத்து இரண்டையும் பார்த்தவர், ரெண்டும் அசல்தான்ணே, ஒங்களது பழைய தலைமுறை, இது புதுசு என்றார். என்னுடையதின் கண்ணாடிக்கு நடுவில் புள்ளி போல ஒரு சின்ன முத்திரை இருக்கிறதாம், லென்ஸைக் கொடுத்துக் காட்டினார், இத்தனை வருஷம் கட்டியும் நான் பார்த்ததில்லை. பழையதுக்கு காலைல நீங்க சாவி கொடுக்கணும், இது ஆட்டோமேட்டிக், கையில கெடந்தா கை ஆடுற ஆட்டத்துக்குத் தானா ஓடும், ஆளில்லாம பீரோல வச்சா ரெண்டு நாள்ல நின்னுரும் என்றார். திருகைப் பின்பக்கமாக லூசாக்கினால்தான் சாவி ஏறுமாம். கரகரவென்ற சத்தம் அந்தச் சாவி ஏறுகிற சத்தமாம்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். யாருக்கு என்று கேட்டார், மாப்பிள்ளைக்கு மகன் அனுப்பியது என்றேன். ஸ்டீல் செயினைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாப்பிள கை அளவு கேட்டுக் கூடுதல் கண்ணியெல்லாம் கழட்டியே அனுப்பிருக்காக, இனி கட்டுறது மட்டுந்தான் பாக்கி, யார் வேணாலும் கட்டிரலாம் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பால்கோவா வாங்கச் சொல்லி உன் அம்மா கொடுத்த பாத்திரத்தைக் கடையிலேயே மறந்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு உன் தவசிமுத்து மாமா கப்பலிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி, உப்பு லாரி பிடித்து, மாப்பிள்ளை அழைப்பு கிளம்புகிற நேரத்துக்கு எண்ணெய் வழிய இந்தப் பழைய ஒமேகாவோடு வந்து நின்றான். என் கை எவ்வளவு என்று அவனுக்கு எப்படித் தெரியும், வார் தொளதொளவென்று இருந்தது. பந்தலில் யாரிடமோ கோணூசி வாங்கி, என் கையில் வைத்தபடியே இன்னொரு ஓட்டை குத்திக் கட்டிவிட்டு, வாங்க மாப்ள போவோம் என்று கூட்டிக்கொண்டு வந்தான். பெண்ணின் கூடப் பிறந்தவன் கட்டிய கடிகாரத்தோடுதான் மாப்பிள்ளை நம் வீட்டு வாசல் ஏறுவான், அந்த வழக்கம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லா அளவும் சரி பார்த்து ஒன்றரை மாதம் முன்பே அனுப்பிவிட்டாய். வருகிறவன் கையோடு கொண்டு வந்திருக்க மாட்டானா? நான் பெலிக்ஸைச் சந்தேகப்பட்டேன், கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், மாரீஸ்வரனைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஆள் தோஹாவில் இருக்கிறாய்.

நேற்று பெலிக்ஸ் வீட்டுக்குப் போய், தப்பாப் பேசிட்டேன்லே, மனசுல வச்சுக்கிடாத என்று சொன்னேன். அவன் அழுதுவிட்டான். அப்புறம் நான் துருவித் துருவிக் கேட்கவும் சொன்னான். அண்ணன் லீவுக்கு எழுதியே குடுக்கல மாமா, ஆவணில பிளான்ட் ஷட்டவுன், மிஷின நிப்பாட்டி மராமத்து வேல நடக்கும், அப்ப இருந்தா டபுள் சம்பளம், கல்யாணச் செலவுக்கு ஆகும்னு சொல்லுச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அந்த டபுள் சம்பளத்தை யார் உன்னிடம் கேட்டது? ஒரு பாயசம் குறைந்தால் குறையட்டும். யோகேஸ்வரி கல்யாணச் சேலைக்குச் சரியாக இருக்குமா என்று உனக்கு எடுத்த சட்டையைத் தினமும் எடுத்து வைத்துப் பார்க்கிறாள், அவளிடம் நான் என்ன சொல்ல? எனக்கு நீ வர வேண்டும். இதைப் போனில் சொன்னால் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும், அதற்காகவும்தான் கடிதம்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மாரீஸ்வரனிடம் சொல்லிச் செயினில் ஒரு கண்ணியையும் அதைக் கோர்க்கிற ஊசியையும் கழற்றிவிட்டேன், அவைதான் இவை. இங்கே செயின் இரண்டாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, யார் கையிலும் கட்ட முடியாது. வேறு கண்ணி போட்டு யாருக்கும் மாட்டித் தரக் கூடாது என்று மாரீஸ்வரனிடம் ஆண்டாள் மேல் சத்தியமும் வாங்கியிருக்கிறேன். கடிகாரம் பீரோவில் நின்று கிடக்கிறது, நான் அதை ஆட்டவும் மாட்டேன். நீ கண்ணியோடு வந்து மாப்பிள்ளை கையில் கட்டினால் ஓடட்டும்.

ஆண்டாள் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் நல்லபடியாகக் கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கட்டும். வெயிலில் தலைக்குத் துணி கட்டு, பெலிக்ஸிடம் கோபப்படாதே, அவன் நல்ல பையன். டிக்கெட் போட்டதும் போட்டோ எடுத்து அனுப்பு, தேதி தெளிவாகத் தெரியும்படி எடு, நான் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

உன்னை நம்ப ஆசைப்படும் அப்பா,
ஆவுடையப்பன்