மணிக்கட்டும் முழங்கையும்

அன்புச் சிட்டுவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம், நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. கல்லூரி விட்டதும் வெள்ளைக் கோலோடு வாசலில் ஐம்பது நிமிடம் நின்றாய், எதிரே இருக்கும் விடுதிக்குச் சாலையைத் தாண்ட உதவ ஒருவரும் வரவில்லை என்று நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. அப்பாவுக்கு முதுகுவலி பரவாயில்லை, உன் தங்கை உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கோணலாகப் படுக்கிறாள். அப்பாவைக் கேட்டால், அவ அங்க சமாளிச்சுக்குவா, நீதான் இங்க சமாளிக்க மாட்டேங்குற என்கிறார்.

நேற்று எங்கள் பல் மருத்துவமனைக்கு எதிரே, சிக்னலில், பார்வையில்லாத ஒருவர் நின்றார். வரவேற்பு மேசையிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்தார்கள், அவர் செய்வார் என்று இவரும் இவர் செய்வார் என்று அவரும். ஒரு பெண் கையை நீட்டிவிட்டு, கோபித்துக்கொள்வாரோ என்னவோ, பாதியில் தன் முடியைச் சரிசெய்துகொண்டாள். பச்சை மூன்று முறை விழுந்து போனது. யாரும் கெட்டவர்கள் இல்லை சிட்டு, கெட்டவர்களாக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்வேன். அந்த மூன்று பச்சையையும் கதவுக்கு உள்ளே நின்று நானும்தான் எண்ணினேன், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். பிறகு ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். உன்னைப் பிடித்துப் பழகிய கை. அவர் உதறிவிட்டு, ஏம்மா, நான் என்ன ஆட்டுக்குட்டியா, இழுக்காதீங்க, உங்க முழங்கையைக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன் என்றார். கொடுத்தேன். அரை அடி பின்னால், தன் நடையில், நிம்மதியாக வந்தார். நடுச்சாலையில், என்னைவிட நீங்கதான் தயங்கித் தயங்கி நடக்கறீங்க, இப்ப யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது என்று கிண்டல் வேறு. என் மகளுக்கும் பார்வை இல்லை என்றேன். அவளையும் இப்படித்தான் இழுப்பீங்களா என்று கேட்டார்.

பத்தொன்பது வருடம் இழுத்தே பழக்கிவிட்டேன். அதனால்தான் முழங்கையைக் குடுங்க என்று கேட்கத் தெரியாமல், யாராவது வந்து பிடிக்கட்டும் என்று நிற்கிறாயா? இப்போது சொல்லிக்கொடுக்க நீ பக்கத்தில் இல்லை, வரட்டுமா என்றால் வராதே என்கிறாய். நாளை ஐந்தரைக்கு நீ அங்கே நிற்கும்போது நான் இங்கே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். வாய்விட்டுக் கேள் கண்ணு. வெட்கப்பட்டுக் கோலை மடித்துப் பைக்குள் வைக்காதே. போன் இதை உனக்கு வாசித்துக் காட்டி முடித்ததும் என்னிடம் ஒரு வார்த்தை பேசு. நீ நன்றாக இரு. நாளைக்கு உன் பக்கத்தில் வந்து நிற்கப்போகிறவர் யாரோ, அவரும் நன்றாக இருக்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா