எலியைச் சொல்லாத பேச்சு

எண்ணூர்
8 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர் எழுதுவது. வாட்ஸாப்பில் எழுதினால் நைனா அதை ஊருக்கே அனுப்பிவிடுகிறார், அதனால் மெயில்.

நம் குப்பத்துக் குழாயில் இன்னும் சாக்கடை கலந்துதான் தண்ணீர் வருகிறது. குழாயை மாற்றும்வரை கடலுக்குப் போவதில்லை, சாலை மறியல் செய்வது என்று பஞ்சாயத்தில் முடிவெடுத்தார்களே, அதைக் கைவிட்டுவிட்டார்கள். காரணம், உன் டைபாய்டு ஆராய்ச்சிக்காக ஊர் நடத்திய பாராட்டு விழாவில் நீ பேசிய பேச்சு. மெக்னீசியம் கிடைக்காவிட்டால் டைபாய்டு கிருமியால் ஒன்றும் செய்ய முடியாது, இனிப் பயம் வேண்டாம் என்றாயாம். நான் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை.

"பாஸ்கரே சொல்ட்டான், அப்புறம் இன்னாத்துக்கு ரோட்ல குந்தணும்?" என்றார் தலைவர் பொன்ராஜ் மாமா. வேறு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பவுனம்மாள் அத்தை முருங்கைக்கீரையை நிறுத்திவிட்டார். அதில் மெக்னீசியம் இருக்கிறதாம். "அந்தப் பூச்சிக்கு நான் இன்னாத்துக்கு சோறு போடணும்? பட்னி கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர் குடித்தார்.

நீ என்னதான் சொன்னாய்?

அன்புடன்,
மலர்

பெர்லின்
10 ஜூலை

அன்புள்ள மலருக்கு,

நான் சொன்னதில் அறிவியல் பிழை இல்லை. நம் உடம்பின் காவல் செல்கள் கிருமியை விழுங்கி, மெக்னீசியம் கொடுக்காமல் பட்டினி போடுகின்றன. கிருமியும் லேசுப்பட்டதல்ல. பட்டினி என்று தெரிந்ததும் தன் மேலுறையில் தனி வாயில்களைத் திறந்து, இருக்கிற கொஞ்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தத் தெம்பில்தான் நோய் உண்டாக்குகிறது. வாயிலுக்கான மரபணுவை நாங்கள் நீக்கினால் கிருமி சோர்ந்துவிடுகிறது. தட்டில் இருக்கும் கீரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அத்தையைச் சாப்பிடச் சொல்.

இதெல்லாம் எலிகளில் பார்த்தது. மேடையில் அதை மட்டும் விட்டுவிட்டேன். நைனா கஞ்சி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் ஜெர்மனியில் எலிக்குக் காய்ச்சல் பார்க்கிறான் என்று எப்படிச் சொல்வது?

அன்புடன்,
பாஸ்கர்

எண்ணூர்
22 ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகள் அன்புக்கரசிக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

பொன்ராஜ் மாமாவிடம் மறியலைப் பற்றிக் கேட்டேன். ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவர் வாக்கை நம்பி எடுத்த முடிவை, அவரே சபையில் விழுந்து கும்பிட்டு, தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் மாற்றுவார்கள். "அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்டிமா வருவான்? போன்லயே சொல்லட்டும், ஸ்பீக்கர்ல போட்டு கேட்டுக்குறோம்" என்றார். வழக்கத்தை இவ்வளவு தளர்த்தி நான் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை சபை. நீ ஒரு வரி சொன்னால் போதும்.

அன்புடன்,
மலர்

பெர்லின்
24 ஜூலை

அன்புள்ள மலருக்கு,

குழந்தையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உங்கள் குழாயில் வரும் கிருமியிலிருந்து யாரும் எதையும் நீக்கவில்லை. அதன் வாயில்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இதை விளக்கி இரண்டு பக்க அறிக்கை இணைத்திருக்கிறேன். பேராசிரியரும் பார்த்துத் திருத்தியிருக்கிறார். யாராவது சபையில் வாசிக்கலாம்.

போனில் பேசுவதென்றால் நைனாவும் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கடலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து சபையைக் கூட்ட முடியாதா?

அன்புடன்,
பாஸ்கர்

எண்ணூர்
28 ஜூலை

அண்ணனுக்கு,

நேற்று சபையில் உனக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்ததை ஊரே உட்கார்ந்து கேட்டது. ஓய்ந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார் பொன்ராஜ் மாமா. போட்டேன்.

அறிக்கையை எடுத்தேன். அதற்குள் நைனா எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணில் விழுந்தார். "எம் புள்ள எலியப் பாத்துட்டு மனுசனுக்கு சொல்ட்டான். ஊரு மன்னிக்கணும்" என்றார். எலி விஷயத்தை முந்தின நாள்தான் அவரிடம் சொன்னேன். "எலியா?" என்று கேட்டார். "சரி, அதுவும் வேலதான" என்றார்.

மகனுக்குப் பதிலாகத் தகப்பன் விழுந்ததைச் சபை ஏற்றுக்கொண்டது. நாளை மறியல். அன்புக்கரசிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

போனை எடுக்காததற்குக்கூட உன்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "படிச்ச புள்ள, இன்னா வேலையில கீதோ" என்கிறார்கள். அவர்களுக்கு உன்மேல் கோபம் வரும்வரை நீ இந்தப் பக்கம் வராதே. இப்போது வந்தால் சால்வை போடுவார்கள்.

மலர்