ஏன் எப்போதும் ஜோடி, மாமா?

ஆசை மாமா, மரத்தூள் மீசைக்காரா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் நலம்தான். காலையில் ஷெட்டைத் திறக்கிறேன், கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் வெட்டுகிற உன் சி.என்.சி. மெஷின் மேல் படிந்த தூசியை ஊதுகிறேன், நம் தெருவில் குறுக்கே புகுந்து போகிற கம்பெனி பஸ்களைத் திட்டுகிறேன். எல்லாம் நீ திட்டுகிற அதே வார்த்தைகள்தான். சிங்கப்பெருமாள் கோயிலில் வேறெதுவும் மாறவில்லை.

நாளை மறுநாள் நம் மலருக்குக் கல்யாணம். பெற்ற பெண்ணுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். பந்தக்கால் நட்டாகிவிட்டது. வீடு முழுக்க ஆட்கள். நான் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உன் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாராவது தேடி வந்தால் மெஷின் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன்.

ஊஞ்சல் பலகை என்ன ஆச்சு என்றுதானே முதலில் கேட்பாய்? சொல்கிறேன், அவசரப்படாதே. அதற்கு முன்னால் உன்னோடு எனக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கிறது.

மலருக்குச் சீராக ஊஞ்சல்தான் கொடுப்பேன், அதுவும் என் கையால் மரம் பதித்துக் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. பலாப் பலகை தேடி வாங்கி வந்து, மஞ்சளாக மினுங்க மினுங்க இழைத்து வைத்தாய். அதில் பதிக்கப் பூவரசு. சதுரங்கப்பட்டினத்தில் என் அப்பா வீட்டு வாசலில் நின்று, புயலில் சாய்ந்த மரம். அதில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு துண்டு. மஞ்சள் பலாவில் கறுஞ்சிவப்புப் பூவரசு என்று நீ சொன்னபோது கேட்கவே நன்றாக இருந்தது. என்ன உருவம் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. பலகையில் பள்ளம் வெட்டி முடித்து, தூளை ஊதிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாய்.

இரண்டு ஓரத்திலும் இரண்டு நண்டுகள். ஒன்றையொன்று பார்த்தபடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடுக்கு உடம்பைவிடப் பெரிது, இன்னொன்று சுண்டைக்காய் அளவு.

கல்யாணத்துக்கு முன்னால், எங்கள் ஊர்க் கால்வாய் ஓரச் சேற்றில் அந்த நண்டுகளை நான்தானே உனக்குக் காட்டினேன்? பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும். "இன்னாத்துக்கு இப்டி கைய ஆட்டிக்கினு கீது?" என்று கேட்டாய். "பொஞ்சாதிய கூப்புடுது" என்றேன். அன்றைக்கு எனக்கு நண்டுக்காரி என்று பேர் வைத்தாய். பவானி என்ற என் சொந்தப் பேரே எனக்கு மறந்துபோகும் அளவுக்கு அப்படியே கூப்பிட்டாய்.

ஆனால் மாமா, பெரிய கொடுக்கு ஆண் நண்டுக்கு மட்டும்தான். பெட்டைக்கு இரண்டும் சின்னது. நீ ஜோடி என்று நினைத்து வெட்டி வைத்தது இரண்டு ஆம்பளை நண்டுகளை! சாப்பிட்டு முடித்ததும் சொல்லி உன்னை நன்றாக ஓட்டலாம் என்று வைத்திருந்தேன். நீ சோற்றில் கை வைக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது நீ இல்லை. அந்தக் கிண்டல் என் வாயிலேயே நின்றுபோனது. இப்போதுதான் சொல்கிறேன். சிரித்துவிடு.

அதன் பிறகு பலகை சுவரில் சாய்ந்தபடி, போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. ஆளாளுக்கு ஒரு யோசனை. மாப்பிள்ளை சதீஷ் தங்கமான பையன், அவனே, "அத்தே, பள்ளத்துல ரெசின் ஊத்தி ஆற வுட்டா பளபளன்னு ஆயிடும்" என்றான். அவன் அம்மா கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னா சம்பந்தி இது? கண்ணாலச் சீர்ல போய் நண்டு! அன்னம், மயிலு எதுவும் கெடைக்கலியா அவருக்கு?"

எனக்கு வந்ததே கோபம். "எங்க வூட்டுக்காரரு நண்டுன்னா நண்டுதான் சம்பந்தி. மரத்துக்குன்னு அவரு வெட்ன பள்ளத்துல பிளாஸ்டிக்க ஊத்த மாட்டேன். நானே வெட்டிப் பதிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். உன் கம்ப்யூட்டர் பக்கம் நான் வந்ததே இல்லையே! வரைவதும் வெட்டுவதும் நீ. பசை போடுவது, கிளாம்ப் முறுக்குவது, இழைப்பது நான். அதுதானே நம் ஏற்பாடு?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பலகையில் குழிந்திருப்பது பள்ளம், அதில் உட்காரப் போவது மேடு. மேட்டை வேறு மரத்தில், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி தூக்கலாக வெட்டுவாய். அதைக் கவிழ்த்து, பசையோடு பள்ளத்தில் அழுத்தி, முதுகுப் பக்கத்து மரத்தை இழைத்து எடுத்தால் உருவம் மட்டும் பலகைக்குள் தங்கிவிடும். மேட்டின் முதுகில் பென்சிலால் இடது, வலது என்று எழுதி என்னிடம் நீட்டுவாய். பாதி நாள் அதை அழித்து மாற்றி எழுதியிருப்பாய். உனக்கு இடது கை எது, வலது கை எது என்றே தெரியாது என்று நானும் மலரும் உன் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

சதீஷ் வேலை பார்ப்பது இரும்பு கடைகிற மெஷினில். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பிளைவுட்டில் பூ வெட்டிப் பழகினேன். முதல் பூ தொளதொளவென்று ஆடியது, அடுத்தது பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. அதற்கடுத்தது பாரு, காகிதம் நுழையாத அளவுக்கு கப்பென்று உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷெட்டில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில், உன் கம்ப்யூட்டரில் இருந்த நண்டு வரைபடத்தைத் திறந்தேன். கடைசிப் பூவரசுத் துண்டை மெஷினில் இறுக்கினேன். இரண்டு நண்டையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டேன். அறுத்துப் பிரித்து, உன்னை மாதிரியே முதுகில் இடது, வலது என்று எழுதினேன். பசை போடும் முன்னால் சும்மா பொருத்திப் பார்ப்போம் என்று இடதை எடுத்து இடது பள்ளத்தில் கவிழ்த்தேன்.

உட்காரவில்லை. பெரிய கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கொடுக்கு நிற்கிறது. வலதை வைத்தேன். அதுவும் அப்படியே. சதீஷுக்கு போன் போட்டேன். அவன், "அத்தே, ஸ்டாம்ப்ல எழுத்த திருப்பித்தான வெட்டுவாங்கோ? இதையும் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கணும். மிர்ரர்னு ஒரு பட்டன் கீது பாருங்கோ" என்றான். இரும்பில் யாரும் நண்டு பதிப்பதில்லை, அதனால் அவனுக்கு முதலிலேயே தோன்றவில்லை. நான் பழகியதோ பூ. பூவுக்கு ஏது இடது, ஏது வலது?

அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வாசலில் நின்ற மரம், நீ ஆசைப்பட்டு வைத்திருந்த கடைசித் துண்டு, அதை நான் பாழாக்கிவிட்டேன். நீ செத்த அன்று வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது மாமா. அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள், செய்ய வேண்டியது இருந்தது. இன்றைக்கு நானும் மெஷினும்தான்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா வந்து நிற்கிறார். மலருக்கு முகூர்த்தப் புடவை காட்ட வந்தவர், அழுகைச் சத்தம் கேட்டு ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார். நான் விக்கி விக்கிச் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கீழே கிடந்த இரண்டு மேட்டையும் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அப்புறம் நான் இடது என்று எழுதியிருந்ததைக் கொண்டுபோய் வலது பள்ளத்தில் கவிழ்த்து, உள்ளங்கையால் ஒரு குத்து விட்டார்.

டப்பென்று உட்கார்ந்தது.

"செருப்ப கால் மாத்திப் போட்டுக்கினு, நோவுது நோவுதுன்னு அயுவுற மாரி கீது உன் கதெ" என்றார். "இதெ அங்க வை, அதெ இங்க வை. முடிஞ்சுது. எந்திரி, மூஞ்சியக் கயுவு."

கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிரெதிரே பார்க்கிற ஜோடி இல்லையா? திருப்பாமல் வெட்டிய இடது நண்டு வலதுக்குப் பொருந்துகிறது, வலது நண்டு இடதுக்கு. நான் முகத்தைக் கழுவப் போகவில்லை. எனக்கு அந்தப் பென்சில் எழுத்து ஞாபகம் வந்துவிட்டது. அழித்து அழித்து மாற்றி எழுதுவாயே, அந்த இடது, வலது!

யோவ்! நீயும் அந்த மிர்ரர் பட்டனை மறந்துகொண்டேதான் இருந்திருக்கிறாய்!

எத்தனை தடவை கேட்டிருப்பேன், "இன்னா மாமா, எப்பப் பாத்தாலும் ஜோடியாவே போட்றே? ரெண்டு கிளி, ரெண்டு அன்னம், ரெண்டு யானை" என்று. நீ பசைக் கையோடு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஒண்ணா வுட்டா பாவம்டீ நண்டுக்காரி, ஏங்கிப் பூடும்" என்பாய். நான் உருகிப் போவேன். அக்கம்பக்கத்து வீடெல்லாம் போய் என் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னார் என்று பீற்றிக்கொண்டேன். மகாபலிபுரத்து ரிசார்ட்காரர் ஒற்றை மயில் கேட்டு வந்தபோது, "ஒத்த மயிலு எடத்துக்கு ஆவாது சார்" என்று ராசி பேசித் திருப்பி அனுப்பினாயே! கூடுவாஞ்சேரியில் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் பேர்ப்பலகை கேட்டு வந்தார்களே, ஒருவருக்காவது செய்து கொடுத்தாயா? "எய்த்து நமக்கு வராதுப்பா" என்று கையை விரித்தாய். வராதுதான். எழுத்துக்கு ஜோடி கிடையாதே, மாற்றி வைக்க!

திருடா. அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்தேன். சம்பந்தியம்மா பயந்து, மலரைக் கூப்பிடப் போய்விட்டார்.

அன்றைக்கே பசை போட்டு கிளாம்ப் முறுக்கினேன். காய்ந்ததும் மலரும் நானும் சேர்ந்து முதுகு மரத்தை இழைத்தோம். கடைசிச் சுருளும் விழுந்தது. பலாவுக்குள் இரண்டு நண்டும் ரத்தக் கறுப்பில் எழுந்து வந்தன. நீ செய்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, மூட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. மலர் என் கையைத் தள்ளிவிட்டுத் தானும் ஓட்டிப் பார்த்தாள். "அப்பா தொட்ட மாரியே கீதும்மா" என்றாள்.

ஊஞ்சல் இப்போது கூடுவாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. சம்பந்தியம்மாதான் முதலில் ஏறி உட்கார்ந்தாராம். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சம்பந்தி வச்ச நண்டு, நான் ஒரு குத்து வுட்டேன் பாரு, அப்டியே குந்திக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று சதீஷ் சிரிக்கிறான். இரண்டும் ஆம்பளை நண்டு என்பதை மட்டும் நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை மாமா. மறதியை மறைக்கத்தான் ஜோடி என்றால், அந்தப் பேச்செல்லாம்? ஏங்கிப் பூடும் என்று நீ சொன்னது வெறும் சாக்கா? நான் உருகினதெல்லாம் ஒரு பட்டனுக்காகவா? கேட்டுவிடலாம் என்றால் ஆள் இல்லை.

பூவரசில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துணுக்கு மிஞ்சியது. நேற்று அதில் நானே ஒரு நண்டு வரைந்து வெட்டினேன். பெட்டை நண்டு. இரண்டு கொடுக்கும் சின்னது, ஒன்று மாதிரியே இன்னொன்று. மிர்ரர் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. மெஷின் மேசையின் ஓரத்தில், நீ கை ஊன்றி நிற்கிற இடத்தில் பதித்திருக்கிறேன். துணைக்கு இன்னொன்று வெட்ட மரம் இல்லை.

இந்த மெஷினை விற்க மாட்டேன். கல்யாணம் முடிந்ததும் பேர்ப்பலகை ஆர்டர் எடுக்கப் போகிறேன், நீ திருப்பி அனுப்பினவர்களையெல்லாம் தேடிப் பிடிப்பேன். மிர்ரர் பட்டன் மேல் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், மறக்கவே மாட்டேன். மறக்காவிட்டாலும் கிளியையும் அன்னத்தையும் ஜோடியாகத்தான் வெட்டுவேன். இது உன் மேல் சத்தியம்.

ஏனென்றால் இன்று காலை அந்த ஒற்றை நண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நீ சாக்குக்குச் சொன்னதோ என்னவோ, சொன்னது நிஜம்தான் மாமா. ஏங்குகிறது.

என்றும் உன் பொண்டாட்டி,
மலரின் அம்மா, உன் நண்டுக்காரி